மணிக்கூண்டு சிஸ்டரின் டோமினோ கட்டைகள்

பிறந்த குழந்தைகள் வார்டில் அவளுக்கு மணிக்கூண்டு என்று பெயர் வைத்தது யார் என்பதில் இன்றுவரை சண்டை ஓயவில்லை. குழந்தைகள் டாக்டர் நான்தான் என்பார். மருந்தகத்தில் இருப்பவர் நான்தான் என்பார். யார் வைத்திருந்தாலும் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆறு மணி மருந்து ஆறு மணிக்குக் குழந்தையின் உடம்பில் ஏறியாக வேண்டும். ஆறு ஐந்து ஆகிவிட்டால் மணிக்கூண்டு அடிக்கத் தொடங்கிவிடும். வாயால்தான் அடிப்பாள், ஆனால் வாங்கியவர்களுக்கு மறுநாள் வரை வலிக்கும்.

பதினேழு வருடம் அதே வார்டு. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் முழங்கை நீளம்கூட இல்லாமல் கிடக்கும் குழந்தைகள். குழந்தையின் எடை இவ்வளவு, அந்த எடைக்கு மருந்து இவ்வளவு, அதை இத்தனை தண்ணீரில் கலந்தால் சிரிஞ்சில் எந்தக் கோடு வரை இழுப்பது என்று ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட வேண்டும். டாக்டர் சட்டைப்பையில் போனைத் துழாவிக்கொண்டிருக்கும்போதே அவள் விடையைச் சொல்லிவிடுவாள். இன்னொரு கெட்டிக்காரத்தனமும் அவளிடம் இருந்தது. பிறந்து ஒரு நாள் ஆன குழந்தைகள் எல்லாம் நம் கண்ணுக்கு ஒரே அச்சுதான். அவளுக்கு அப்படி இல்லை. காலில் கட்டிய சீட்டைப் பார்க்காமலே இது யாருடைய பிள்ளை என்று சொல்வாள். பெற்றவளே ஒரு நிமிடம் தடுமாறுவாள், இவள் தடுமாற மாட்டாள்.

ஒரு நாள் காலை எட்டு மணி மருந்துக்கு சிரிஞ்சைக் கையில் எடுத்தாள். கோடுகள் இருந்தன. கோடுகளின் பக்கத்தில் எண்கள் இருந்தன. மூன்று என்று வாய் படித்தது. ஆனால் மூன்று என்றால் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியவில்லை. நிறையவா, கொஞ்சமா, இரண்டுக்கு முன்னாலா, பின்னாலா, ஒன்றும் தெரியவில்லை. கதவு எண்ணைப் போல, பஸ் எண்ணைப் போல, மூன்று வெறும் பெயராக நின்றது.

வேறு யாராவது என்றால் கண்ணைக் கசக்கிவிட்டு ஒரு குத்துமதிப்பாக இழுத்திருப்பார்கள். அவள் சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற இளம் நர்ஸைக் கூப்பிட்டாள்.

“நீ போடு. நான் இனிமே எதையும் தொட மாட்டேன். போட்டுட்டு என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. எனக்கு என்னமோ ஆயிடுச்சு.”

மூளையில் பட்டாணி அளவு இடத்துக்கு ரத்தம் போகவில்லை என்று படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். கை கால் விழவில்லை. பேச்சு குழறவில்லை. எண்ணின் அளவு மட்டும் போய்விட்டது. கூடவே எந்த விரல் எந்த விரல் என்பதும் போய்விட்டது. மோதிர விரலைக் காட்டுங்கள் என்றால் பத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மூளை டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: “வர வேண்டியது ஆறு மாசத்துக்குள்ள வந்துடும்மா. அதுக்கு மேல பெருசா எதிர்பார்க்காதீங்க.”

பார்க்க வந்தவர்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. கட்டிலில் சாய்ந்து கிடப்பாள், வாய் கோணியிருக்கும் என்று முகத்தைத் தயார் செய்துகொண்டு வந்தவர்கள், அவளே கதவைத் திறந்து வாங்க என்றதும் என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தார்கள். கால் விழுந்தால் ஊரே அய்யோ பாவம் என்னும். எண் விழுந்தால் யார் பாவம் பார்ப்பார்கள்? வந்தவர்களெல்லாம் ஒரே வசனத்தைத்தான் பேசினார்கள். “அட, எனக்கும்தான் கணக்கு வராது!” சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார்கள். கணவனின் அக்கா இதைச் சொன்னபோது மட்டும் அவளுக்குக் கை துறுதுறுத்தது. விருந்தாளியாயிற்றே என்று விட்டுவிட்டாள்.

வீட்டில் இருப்பது மூன்று பேர். சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டு வைப்பாள், இல்லையென்றால் ஐந்து வைப்பாள். கணவன் கூடுதலை எடுத்து அலமாரியில் வைப்பான். அவன் பிரிட்ஜ் மெக்கானிக். உலகத்தில் ரிப்பேர் ஆகாத பொருள் ஒன்று உண்டென்று அவனிடம் சொன்னால் சண்டைக்கு வருவான்.

“கம்ப்ரசர் போகலை. வயரிங் எங்கேயோ விட்டிருக்கு, அவ்வளவுதான்” என்று மனைவியின் தலையைப் பற்றி எல்லோரிடமும் சொன்னான். “ஒட்டிடலாம்.”

ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் ஒருத்தி இருந்தாள். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத சின்னப் பெண், புன்னகையையும் யூனிஃபார்மோடு சேர்த்துத் தைத்துக்கொண்டவள். விரல் விட்டு எண்ண முடியாது என்பதால் டோமினோ கட்டைகளை வாங்கச் சொன்னாள். தீப்பெட்டியில் பாதி அகலமுள்ள கட்டை, நடுவில் ஒரு கோடு, கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெறுமையிலிருந்து ஆறு வரை புள்ளிகள். மொத்தம் இருபத்தெட்டு.

“முதல் வகுப்புப் பிள்ளைங்களுக்கு இப்படித்தான் கூட்டல் சொல்லித் தர்றாங்க சிஸ்டர். வெட்கப்படாதீங்க. கண்ணால பார்த்து, தொட்டு எண்ணி, ரெண்டு பக்கத்தையும் கூட்டணும். தினமும் ஒரு மணி நேரம்.”

“பெரியவங்களுக்குன்னு தனியா இல்லையா?”

“கணக்குல பெரியவங்க சின்னவங்க கிடையாது சிஸ்டர்” என்று அந்தப் பெண் சிரித்தது. சிரிக்காமல் சொல்லியிருக்கலாம்.

கடைக்குப் போன மெக்கானிக் புது டோமினோ பெட்டி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டான். ஊதினால் பறக்கும் பிளாஸ்டிக். அந்த வாரமே ஒரு வீட்டில் பிரிட்ஜ் பார்க்கப் போனபோது, பிரிட்ஜுக்கு மேலே தூசியில் கிடந்தது ஒரு பழைய பெட்டி. கேட்டதும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். கனமான கட்டைகள், பல வருடம் ஆடித் தேய்ந்தவை. ஒன்றுக்கு மூலை உடைந்திருந்தது, ஒன்றில் டீக் கறை, ஒன்றில் யாரோ பல்லால் கடித்த தடம். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து மேசையில் கொட்டினான். “பொருள்னா இது பொருள்” என்றான். பெருமையில் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மகளுக்கு வாலு என்று பெயர். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருக்கிறது, அதைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள். ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. அவள் வகுப்பிலும் டோமினோ வைத்துத்தான் கூட்டல் நடந்துகொண்டிருந்தது. அதனால் அம்மாவுக்கு டீச்சர் வேலையை யாரும் கொடுக்காமலே எடுத்துக்கொண்டாள். நான்கரைக்கு வீட்டுக்கு வருவாள், பையை எறிவாள், கட்டைகளைக் கவிழ்த்துப் பரப்புவாள்.

“ஒண்ணு எடும்மா. இந்தப் பக்கம் எவ்வளவு? அந்தப் பக்கம் எவ்வளவு? சேர்த்தா எவ்வளவு? இப்போ திருப்பி வை. திருப்பினா மாறுமா, மாறாதா?”

“மாறுமா?”

“மாறாதும்மா! மூணும் அஞ்சும் எட்டு, அஞ்சும் மூணும் எட்டு. எங்க மிஸ் இதுக்குப் பாட்டே வச்சிருக்காங்க. பாடட்டுமா?”

பாட்டுப் பாடியும் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்று இரண்டு மூன்று என்று வரிசை அம்மாவின் வாயில் தடையில்லாமல் வந்தது. ஆனால் வாய் ஒரு வேகத்தில் போகும், விரல் ஒரு வேகத்தில் போகும். ஒரே புள்ளியை இரண்டு முறை தொடுவாள், ஒன்றைத் தொடாமலே தாண்டுவாள். நான்கு புள்ளியில் தொடங்கி ஒன்பதில் போய் நிற்பாள். ஒரே கட்டை நேற்று ஆறு, இன்று ஒன்பது. வாலு முதலில் சிரித்தாள், அப்புறம் அதட்டினாள், அப்புறம் ஒரு நாள் தன் மிஸ் செய்வதைப் போல அம்மாவின் கையைப் பிடித்து ஒவ்வொரு புள்ளியாகத் தொட வைத்தாள். அன்றைக்கு அம்மா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இரண்டு மாதம் இப்படிப் போயிற்று.

மூன்றாவது மாதம் ஒரு கட்டையை எடுத்தாள், பார்த்தாள், எட்டு என்றாள். சரியாக இருந்தது. வாலு நம்பாமல் தானே எண்ணிப் பார்த்தாள். அடுத்த நாள் எட்டோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது, பன்னிரண்டு. வாரத்துக்கு இரண்டு மூன்று என்று ஒவ்வொன்றாக வந்தன. தொட்டு எண்ணவே இல்லை. கட்டையைத் திருப்பியதும் விடை வாயில் நின்றது, பழைய காலத்தில் வார்டில் நின்றதைப் போல. ஐந்தாவது மாதம் முடியும்போது இருபத்தெட்டும் வந்துவிட்டன. கூட்டினால் ஆறு வருகிற கட்டைகளை எல்லாம் பொறுக்கு என்றால் நான்கையும் பொறுக்கி வைத்தாள். எது பெரியது என்று கேட்டால் கறுப்பு அதிகமாக இருப்பதைக் காட்டினாள். வாலு நோட்டில் தினமும் ஒரு நட்சத்திரம் வரைந்து கொடுத்தாள்.

மெக்கானிக்கைப் பிடிக்க முடியவில்லை. போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். “வயரிங்னு நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?” என்று, முதல் நாள் அந்தப் பேச்சைக் கேட்டிராதவர்களிடம்கூடக் கேட்டான்.

மேட்ரனும் போன் செய்தாள். ஆஸ்பத்திரியின் நர்ஸுகளுக்கெல்லாம் தலைவி. வாய் நீளம், மனசு அதைவிட நீளம்.

“கேளு. அடுத்த வியாழக்கிழமை தெரபிஸ்ட் பொண்ணு உன்னைப் பரிசோதிக்கும். அது சரின்னு எழுதிக் கொடுத்தா, திங்கட்கிழமையிலிருந்து நீ வார்டுக்கு வரலாம். முதல் ஒரு மாசம் இன்னொரு சிஸ்டர் கூட நிக்கணும், அவ்வளவுதான். சரியில்லைன்னு எழுதினா, வேலைக்குத் தகுதியில்லைன்னு டாக்டருங்க குழு கையெழுத்துப் போட்டுடும். அப்புறம் நான் தலைகீழா நின்னாலும் ஒண்ணும் பண்ண முடியாது. புரியுதா?”

“புரியுது மேடம். எல்லாக் கட்டையும் வந்துடுச்சு மேடம்.”

“என்ன கட்டையோ. சீக்கிரம் வந்து சேரு. நீ இல்லாம இங்க எட்டு மணி மருந்து எட்டரைக்குப் போகுது.”

அவள் யூனிஃபார்மை எடுத்து இஸ்திரி போட்டு மாட்டினாள். ஆறு மாதத்தில் இடுப்பு கொஞ்சம் பெருத்திருந்தது, பட்டனைத் தள்ளித் தைத்தாள். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தாள். அந்த ஒரு வாரச் சந்தோஷத்தை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டையைக் காணவில்லை. வாலு அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போயிருக்கிறாள். எங்க அம்மாவோட கட்டை என்று தோழிகளிடம் காட்டப் போய் எங்கேயோ விட்டுவிட்டாள். ஒரு பக்கம் ஐந்து, ஒரு பக்கம் இரண்டு, பல்லால் கடித்த தடம் உள்ள கட்டை. வாலு தேம்பித் தேம்பி அழுதாள். இதற்குப் போய் அழுவாயா என்று மெக்கானிக் கருவிப் பெட்டியைத் திறந்தான். பழைய பிரிட்ஜ் ஒன்றின் காய்கறித் தட்டிலிருந்து வெள்ளைப் பிளாஸ்டிக்கை அறுத்தான், அரத்தால் ராவினான், டிரில் போட்டுக் குழி பறித்தான், கறுப்புப் பெயிண்டைத் தொட்டு வைத்தான். அரை மணி நேரத்தில் மேசைமேல் புதுக் கட்டை வந்துவிட்டது.

“இந்தா, சொல்லு பார்ப்போம்.”

அவள் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. புள்ளிகள் இருந்தன, அவ்வளவுதான். தொட்டு எண்ணினாள். நான்கு என்று முடிந்தது. மறுபடி எண்ணினாள். ஒன்பது.

“விளையாடாதே” என்றான் கணவன்.

“விளையாடலைங்க.”

“பெயிண்ட் காயலை, பளபளன்னு கண்ணைக் கூசுது. அதான்.” அவன் பெயிண்ட் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

வாலு போகவில்லை. அழுகை நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய கட்டைகளிலிருந்து டீக் கறை உள்ளதை எடுத்தாள். கறையின்மேல் கட்டை விரலை வைத்து மறைத்துக்கொண்டு நீட்டினாள். புள்ளிகள் முழுசாகத் தெரிந்தன.

“இது எவ்வளவும்மா?”

அவளுக்குத் தெரியவில்லை. மகள் விரலை எடுத்தாள். கறை தெரிந்த நொடியில் ஒன்பது என்று வந்துவிட்டது. மூலை உடைந்த கட்டையை எடுத்து உடைந்த மூலையை மறைத்தாள். தெரியவில்லை. காட்டினாள். எட்டு. இன்னும் இரண்டு கட்டையில் அப்படிச் செய்துவிட்டு வாலு நிறுத்திக்கொண்டாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு எங்கே நிறுத்துவது என்று எப்படித்தான் தெரிந்ததோ.

அவள் இந்த ஐந்து மாதமும் ஒரு புள்ளியைக்கூட எண்ணக் கற்றுக்கொள்ளவில்லை. பதினேழு வருடம் வார்டில் எதைச் செய்தாளோ அதையே செய்திருக்கிறாள். காதோர மச்சத்தையும் நெற்றிச் சிவப்பையும் வைத்துக் குழந்தைகளை அடையாளம் கண்டதைப் போல, கறையையும் கீறலையும் வைத்து இருபத்தெட்டுக் கட்டைகளையும் அடையாளம் கண்டுகொண்டிருக்கிறாள். எட்டு, ஒன்பது, பன்னிரண்டு எல்லாம் அவற்றின் காலில் கட்டிய பெயர்ச் சீட்டு. போனது எதுவும் திரும்பி வரவே இல்லை. தன்னையும் ஏமாற்றி, வீட்டையும் ஏமாற்றியிருக்கிறோம் என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

“இது புதுசும்மா, அதான். ரெண்டு மாசத்துல பழகிடும்” என்றாள் வாலு. அம்மா எப்படிக் கற்றுக்கொண்டாள் என்பது பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. அதில் என்ன தப்பு என்பது மட்டும் புரியவில்லை.

மறுநாள் காலை கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் காபியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

“அடையாளமோ கணக்கோ, பதில் சரியா வருதில்ல?”

“கட்டைக்கு வருதுங்க.”

“தெரபிஸ்ட் பொண்ணு உன் பெட்டியையே கொண்டு வரச் சொல்லியிருக்கா, புதுசுன்னா பதறுவீங்கன்னு. அப்புறம் என்ன? முதல்ல உள்ளே போ. வேலையில நின்னா தானா வந்துடும். கிளட்ச் பழகுறது ரோட்டுலதான், வீட்டுல உட்கார்ந்துகிட்டு இல்ல. அதுவும் ஒரு மாசம் கூடவே ஒருத்தி நிக்கப்போறா.”

அவள் மறுத்துப் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்றால், அவளுக்கும் ஆசை இருந்தது. வார்டின் அந்த வெதுவெதுப்பு, மருந்து நெடி, இரவு முழுக்க விழித்த தாய் ஒருத்தி சிஸ்டர் வந்தாச்சா என்று கேட்கும் குரல், இதெல்லாம் மறுபடி கிடைக்கும் என்றால் எந்தப் பொய்யையும் மூன்று நாள் சுமக்கலாம் என்று தோன்றியது. தானாக வந்துவிடும் என்று அவளும் தனக்குச் சொல்லிக்கொண்டாள். புதுக் கட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு வியாழக்கிழமை காலை பழைய பெட்டியோடு கிளம்பினாள்.

பரிசோதனை இருபது நிமிடம்தான். தெரபிஸ்ட் பெண் கட்டையை எடுக்க எடுக்க அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஒன்பது, நான்கு, பதினொன்று, ஆறு. சொன்னதைத் தாளில் எழுதச் சொன்னால் எழுதினாள். இரண்டு கட்டையை வைத்து எது பெரியது என்றால் கறுப்பு அதிகமானதைத் தொட்டாள். ஒன்றுகூடத் தப்பில்லை. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுடைய கையில் முழுசாகக் குணமான முதல் ஆள் இவள்தான் போல. பிழை பூஜ்யம் என்று எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டு, தாளை மேட்ரனிடம் நீட்டியது.

மேட்ரன் தாளைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. மடித்துப் பையில் போட்டுக்கொண்டு அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வா வா. திங்கட்கிழமை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? உன் ராஜ்யத்தை எட்டிப் பார்த்துட்டுப் போ.”

வார்டில் எல்லோரும் மணிக்கூண்டு வந்தாச்சு என்று சூழ்ந்துகொண்டார்கள். அன்றைக்கு சிரிஞ்சை வாங்கிய அந்த இளம் நர்ஸ் வந்து கட்டிக்கொண்டாள். மணிக்கூண்டு கை கழுவி, அங்கி மாட்டி, பழக்கப்படி முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டு போனாள். ஆறு மாதத்துக்கு முந்தைய குழந்தைகள் ஒன்றும் இல்லை. எல்லாம் புது முகம். பதினோராவது பெட்டியில் முந்தைய நாள் பிறந்த குழந்தை. தொப்பிக்குள் முகம் தெரியாத அளவுக்குச் சின்னது. ஒரு காலில் குழாய் ஏறியிருந்தது. பெட்டியில் ஒட்டிய அட்டையில் எடை எழுதியிருந்தது.

மேட்ரன் பழைய விளையாட்டை ஆரம்பித்தாள். டாக்டர்களை மட்டம் தட்டுவதற்காகவே அவர்கள் இருவரும் வருடக்கணக்காக ஆடியது.

“எங்கே, சொல்லு பார்ப்போம். இந்த எடைக்கு இப்போ எவ்வளவு போடுவே?”

நர்ஸுகள் சிரித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவள் அட்டையைப் படித்தாள். குழந்தையைப் பார்த்தாள். அது கொட்டாவி விட்டது. இவ்வளவு சின்ன வாயில் கொட்டாவி எங்கிருந்து வருகிறது என்று எப்போதும் போல அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

“மேடம், ஒண்ணு புள்ளி நாலுன்னு படிக்கத் தெரியுது” என்றாள். “அது நிறையவா, கொஞ்சமான்னு எனக்குத் தெரியல.”

“என்ன உளர்றே? இப்போதானே எல்லாம் சரியாச் சொன்னே?”

“அந்தக் கட்டைங்களோட முகம் எனக்குத் தெரியும் மேடம். அஞ்சு மாசமாப் பார்க்கிறேன். எண் எதுவும் தெரியாது. வீட்டுல புதுசா ஒண்ணு செஞ்சு வச்சாங்க, அதுல ஒரு புள்ளிகூட எண்ண முடியல. சொல்லாம வந்துட்டேன். தப்புதான்.”

சிரிப்பு நின்றது. மேட்ரன் அவளைக் கதவுக்கு வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“யாருக்குமே தெரியாதே. நீயா எதுக்குச் சொன்னே?”

“இன்னொரு சிஸ்டர் ஒரு நாள் லீவு போடுவா மேடம். அன்னைக்கு நான் எதையாவது இழுத்துப் போட்டுடுவேன்.”

மேட்ரன் துணி அறையில் கேட்டுப் பார்க்கட்டுமா என்று ஆரம்பித்தாள். படுக்கை விரிப்புகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவதுதான் அங்கே வேலை என்பது பாதி வாக்கியத்தில் நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். சமையல் கூடத்தில் தட்டு எண்ண வேண்டும், பதிவு அறையில் சீட்டு எண்ண வேண்டும். எண்ணாமல் செய்யக்கூடிய வேலை அந்த ஆஸ்பத்திரியில் ஒன்றுமே இல்லை. தெரபிஸ்ட் பெண் தாளைத் திரும்ப வாங்கி, வேறு தாளில் எழுதிக் கொடுத்தாள். இந்த முறை புன்னகையைக் காணவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பயிற்சி செய்தால் என்று இழுத்தாள். ஆறு மாசம் ஆயிடுச்சும்மா என்று அவளே அந்தப் பெண்ணைத் தேற்றும்படி ஆயிற்று.

வாசலில் மெக்கானிக் வண்டியைத் துடைத்து வைத்துக்கொண்டு நின்றான். அவள் வருவதைப் பார்த்ததும் பாதி தூரம் எதிரே வந்தான்.

“என்னைக்கு வரச் சொன்னாங்க?”

“வர வேண்டாம்னுட்டாங்க. நான்தான் சொல்லிட்டேன்.”

அவன் திட்டுவான் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். அவன் அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கினான். வண்டியை உதைத்தான், கிளம்பவில்லை, மறுபடி உதைத்தான். கம்ப்ரசர், வயரிங் என்ற பேச்சை அதற்குப் பிறகு அவன் அவளைப் பற்றி எடுக்கவே இல்லை. மேசையில் அவள் ஐந்து தட்டு வைத்தால், முன்பு போலவே எடுத்து அலமாரியில் வைத்தான். அதுவரை ஒரு நம்பிக்கையோடு எடுத்து வைத்தான், இப்போது வெறும் தட்டாக எடுத்து வைத்தான். அந்த வித்தியாசம் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

வாலுவிடம் மறுநாள் காலை சொன்னார்கள். சாயங்காலம் நான்கரைக்கு வந்தாள், பையை எறியாமல் மேசைமேல் வைத்தாள், வீட்டுப்பாடத்தை எடுத்தாள். வகுப்பில் டோமினோவெல்லாம் முடிந்து, இரட்டை இலக்கக் கூட்டலில் மீதியை மேலே எழுதும் இடத்துக்கு வந்திருந்தார்கள். அவள் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு வேகவேகமாகப் போட்டாள். அவள் அம்மாவின் வேகம் அது. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். நோட்டை எட்டிப் பார்த்தாள். பென்சிலைச் சீவிக் கொடுத்தாள். சீவிய பென்சிலையே மறுபடி எடுத்துச் சீவினாள். இடையில் ஒரு கேள்வி கேட்டாள், வாலுவுக்குக் கணக்கு விட்டுப்போனது. முதலிலிருந்து போட்டாள். இன்னொரு கேள்வி கேட்டாள்.

வாலு பென்சிலைக் கீழே வைத்தாள். எழுந்து போய் டோமினோ பெட்டியை எடுத்து வந்து, கட்டைகளை அம்மாவின் முன்னால் கொட்டினாள்.

“அம்மா, நான் ஹோம்வொர்க் முடிக்கிற வரைக்கும் நீ ரயில் கட்டி விளையாடிட்டு இரு. சரியா? சத்தம் போடக் கூடாது.”

அம்மா சரி என்றாள். ஒரே மாதிரி இருக்கும் பக்கங்களைத் தேடி ஒன்றன்பின் ஒன்றாக வைக்கத் தொடங்கினாள்.